நாப்பதுக்குப் பிறகு நேர்ஸ் ஆகப்போற ஆம்பிளையளுக்கு: இங்கிலாந்தில எந்தப் பாதை ஆருக்குச் சரிவரும்

போன ரெண்டு மாசத்துக்குள்ள மூண்டு பேர் எனக்கு போன் எடுத்து ஒரே கேள்வியைக் கேட்டிட்டினம். மூண்டு பேரும் ஆம்பிளையள், மூண்டு பேரும் நாப்பதுக்கு மேல. ஒராள் ஓஃப் லைசன்ஸ் கடையை வித்துப்போட்டு நிக்கிறார், ஒராள் கூரியர் வான் ஓடுறார், மற்றவர் நான் முந்திச் செய்த மாதிரியே பெற்றோல் ஸ்ரேசனில நைற் செய்யிறார். "அண்ணை, நேர்ஸிங் படிக்கலாமெண்டு யோசிக்கிறன், எந்த வழியால போறது நல்லது?" இதுதான் கேள்வி. போனில சொல்லி முடிக்கிற விசயமில்லை இது, ஒவ்வொரு வழிக்கும் காசு வேற, காலம் வேற, தலையிடி வேற, அதால ஆறுதலா இருந்து எழுதுறன்.

நான் 2001 இல லண்டனுக்கு வந்தனான். பதினாறு பதினேழு வருசம் பெற்றோல் ஸ்ரேசன், கடைசியா மனேஜர். 41 வயசில 2018 இல கொலிச்சுக்குப் போய் கம்பஸுக்கு முதல் செய்யிற அக்ஸஸ் கோர்ஸ் செய்து, 2019 இல கம்பஸ், 2022 இல நேர்ஸா பதிஞ்சு, இப்ப ஸ்ற்ரோக் (பாரிசவாதம்) வாட்டில நிக்கிறன். என்னோட ஸ்ரேசனில நிண்ட ஒருத்தர் சம்பளத்தோட வேலை செய்துகொண்டே படிக்கிற அப்ரென்ரிஸ்ஷிப் வழியால வந்தவர், எங்கட வாட்டில இருக்கிற கானா நாட்டுக்காரர் ஒருத்தர் நேர்ஸுக்கு ஒரு படி கீழ இருக்கிற நேர்ஸிங் அசோசியேற் வழியால வந்தவர். அதால மூண்டு வழியையும் கிட்ட நிண்டு பாத்திருக்கிறன்.

முதல்ல வயசு. இங்க கம்பஸுக்கு மேல் வயசெல்லை எண்டு ஒண்டும் இல்லை, என்ர வகுப்பில 52 வயசில ஒரு அம்மா படிச்சவ, எங்களெல்லாரையும் விட நல்ல மார்க்ஸ். ஆம்பிளை எண்டது அடுத்த பயம். நேர்ஸ்மாரைப் பதியிற அமைப்பான என்எம்சியின்ர பதிவேட்டில நூற்றுக்குப் பதினொரு பேர் அளவிலதான் ஆம்பிளையள், அதால வகுப்பில நீங்கள் தனிச்சு நிக்கத்தான் வேணும், எங்கட குறூப்பில முப்பது பேருக்கு நாங்கள் மூண்டு பேர். தமிழிலயும் தாதி எண்டா பொம்பிளைதான், இலங்கை அரசாங்கம் தாதிய உத்தியோகத்தர் எண்டு எழுதுறது அந்தச் சிக்கலைக் கொஞ்சம் தீர்க்குது. நான் படிக்கப்போறன் எண்டு ஊருக்கு போன் எடுத்துச் சொல்ல அம்மா "அது பொம்பிளையளின்ர வேலையெல்லோ தம்பி" எண்டவ. பிறகு அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில விழுந்தார். எப்பிடிப் புரட்டிப் படுக்க வைக்கிறது, இருமாம விழுங்க எப்பிடி நிமித்தி வைச்சுக் குடுக்கிறது எண்டு வீடியோ கோலில நான்தான் ஒவ்வொண்டாச் சொல்லிக் குடுத்தனான். அதுக்குப் பிறகு அம்மா அந்தக் கதை கதைக்கேல்லை.

சரி, பாதையளுக்கு வருவம்.

எந்தப் பாதையைத் தெரிவுசெய்ய முதலும் ஒரு ஆறு மாசமாவது எச்சிஏ வேலை செய்து பாருங்கோ. கெல்த் கெயார் அசிஸ்ரன்ற் எண்டுறது, நேர்ஸுக்கு உதவியா நோயாளியளைப் பராமரிக்கிற வேலை. ஆஸ்பத்திரியில பாங்க் எச்சிஏ எண்டு பதிஞ்சா உங்களுக்கு ஏலுமான நாளில மட்டும் போகலாம், அனுபவம் இல்லையெண்டு ஆஸ்பத்திரி எடுக்காட்டி கெயார் ஹோமில துடங்கலாம், அங்க புதுசா வாற ஆக்களை எடுத்துப் பழக்குவினம். என்எச்எஸ் (அரசாங்க சுகாதார சேவை) சம்பளப் படியில இது பான்ட் 2, 2025–26 இல மணித்தியாலத்துக்கு 12 பவுண் 51, லண்டன் எண்டா அதுக்கு மேல கொஞ்சம் வரும். பெற்றோல் ஸ்ரேசனில எடுக்கிறதை விடப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா நான் காசுக்காகச் சொல்லேல்லை. ஒரு வயசாளியின்ர மலத்தைத் துடைச்சு, உடுப்பு மாத்தி, முடிக்க முன்னமே அவர் திரும்பப் போக, திரும்பத் துடைச்சு, அதுக்குள்ள பக்கத்துக் கட்டிலில மணி அடிக்க, இதுக்குள்ள நிண்டு உங்கட மனம் என்ன சொல்லுது எண்டு உங்களுக்குத் தெரியோணும். இருபது வயசுப் பிள்ளை ரெண்டாம் வருசத்தில இது எனக்குச் சரிவராது எண்டு விட்டிட்டு வேற கோர்ஸுக்குப் போகலாம், மோர்கேஜும் பிள்ளையளும் இருக்கிற ஆள் அப்பிடிச் செய்தா குடும்பமே ஆடிப்போகும். எனக்கு முதல் கிழமை வீட்டை வந்து சாப்பிடேலாமல் கிடந்தது, மூண்டாம் கிழமை ஒரு ஐயா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நித்திரையாப் போனார், அண்டைக்குத்தான் நான் முடிவெடுத்தனான்.

இப்ப பெரிய பாதை, கம்பஸுக்குப் போய் மூண்டு வருச டிகிரி. நான் வந்த வழி. இதுக்குள்ள போக ஜிசிஎஸ்ஈ (எங்கட ஓ/எல் மாதிரி) தரத்தில இங்கிலிசும் கணக்கும் வேணும். ஊரில ஓ/எல், ஏ/எல் செய்திருந்தாலும் இருபது வருசத்துக்கு முந்தின பெறுபேறு எண்டா கனக்கக் கம்பஸுகள் "கிட்டடியில படிச்ச ஆதாரம்" கேப்பினம். அதுக்குத்தான் அக்ஸஸ் கோர்ஸ், கொலிச்சில ஒரு வருசம், 60 கிரெடிற், அதில 45 லெவல் 3 (ஏ/எல் தரம்) இல இருக்கோணும். இதுக்கு எடுக்கிற லோனை, நீங்கள் பிறகு டிகிரியை முடிச்சா தள்ளுபடி செய்து விடுவினம், இது கனபேருக்குத் தெரியாது. இங்கிலிஸ், கணக்கு ரெண்டுக்கும் ஜிசிஎஸ்ஈக்குப் பதிலா ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 எண்ட சோதனை செய்யலாம், முந்தி அந்தத் தரம் எடுக்காத பெரியாக்களுக்கு அது இலவசம். சில கம்பஸுகள் ஃபங்ஷனல் ஸ்கில்ஸை ஏற்காது ஜிசிஎஸ்ஈதான் வேணும் எண்டு நிப்பினம், அதால நீங்கள் போகப்போற கம்பஸை முதலே கேட்டிட்டுச் செய்யுங்கோ, நான் கேக்காமச் செய்து ஒரு கம்பஸில வாய்ப்பை விட்டனான்.

காசுக் கணக்கைக் கொஞ்சம் வடிவாப் பாப்பம், ஏனெண்டா எல்லாரும் பயப்பிடுற இடம் இதுதான். 2025–26 இல வருசத்துக்கு 9,535 பவுண் பீஸ், மூண்டு வருசத்துக்குக் கிட்டத்தட்ட 28,600. இதைக் கையால கட்டத் தேவையில்லை, அரசாங்கத்தின்ர ஸ்ருடன்ற் பினான்ஸ் லோனாக் கட்டும், உங்களுக்கு முந்தி ஒரு டிகிரி இருந்தாலும் நேர்ஸிங் எண்டா திரும்பவும் லோன் உண்டு, மற்றக் கனக்கக் கோர்ஸுகளுக்கு அப்பிடி இல்லை. இந்த லோனுக்கு இங்க நிரந்தர விசா இருந்து மூண்டு வருசம் வாழ்ந்திருக்கோணும், அகதி அந்தஸ்து கிடைச்ச ஆக்களுக்கும் உண்டு. இப்ப துடங்கிறவைக்கு பிளான் 5 எண்ட திருப்பிக் கட்டுற முறை: வருச வருமானம் 25,000 க்கு மேல போற பங்கில நூற்றுக்கு 9 தான் திருப்பிக் கட்டுறது, 40 வருசத்தில மிச்சம் அழியும், செத்தா கடனும் அதோட முடிஞ்சுது, மனுசி பிள்ளையளிட்டக் கேக்காயினம். 37,000 உழைக்கிற ஆளுக்கு மாசம் தொண்ணூறு பவுண் வரும். வீட்டுக் கடன் மாதிரி கதவைத் தட்டுற கடன் இல்லை இது. நான் அதை ஒரு வரி மாதிரித்தான் பாக்கிறன்.

அதுக்கு மேல திருப்பிக் கட்டத் தேவையில்லாத காசு ஒண்டு இருக்கு, என்எச்எஸ் லேர்னிங் சப்போர்ட் ஃபண்ட். வருசத்துக்கு 5,000, பதினைஞ்சு வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தா இன்னும் 2,000, மென்ரல் ஹெல்த் (மனநலம்) அல்லது லேர்னிங் டிஸபிலிற்றி (கற்றல் குறைபாடு) நேர்ஸிங் எண்டா இன்னும் 1,000. 2017 இல பழைய பர்சரியை (இலவசமாத் தந்த படிப்புக் காசை) நிப்பாட்டினவை, இந்தக் காசு 2020 செப்ரெம்பரிலதான் வந்தது, அதால எனக்கு முதல் வருசம் ஒண்டும் இல்லை, அந்த வருசம் நாங்கள் பட்ட பாடு சொல்லேலாது, மனுசி ஸ்கூல் கிச்சினில வேலை, நான் துடக்கத்தில சனி ஞாயிறு திரும்ப ஸ்ரேசனில. இப்ப போறவைக்கு சின்னப் பிள்ளை ஒண்டு இருந்தா மூண்டு வருசத்தில 21,000 பவுண் கைக்கு வரும். இதோட வீட்டுச் செலவுக்கு மெயின்ரனன்ஸ் லோனும் இருக்கு, அது மனுசியின்ர வருமானத்தைப் பாத்துத்தான் குடுப்பினம், அவ நல்லா உழைச்சா உங்களுக்குக் குறையும். பிளேஸ்மென்ருக்கு (ஆஸ்பத்திரியில செய்யிற பயிற்சி வேலைக்கு) போற பஸ், ட்ரெயின் காசில, வழமையாக் கம்பஸுக்குப் போற செலவை விடக் கூடின பங்கைத் திருப்பித் தருவினம், ஆனா முதல் உங்கட கையால போட்டு ரசீது வைச்சுக் கேக்கோணும், வரக் காலம் எடுக்கும்.

காசை விடக் கஸ்ரம் நேரம். 2,300 மணித்தியாலம் வாட்டிலயும் வெளியிலயும் பிளேஸ்மென்ற் செய்யோணும், 2,300 வகுப்புப் படிப்பு. அந்த 2,300 ஐ கிழமைக்கு 37.5 எண்டு பிரிச்சா 61 கிழமை, சம்பளம் இல்லாத 61 கிழமை. உங்களுக்கு மேற்பார்வை செய்யிற நேர்ஸின்ர ரோட்டாதான் (வேலை நேர அட்டவணை) உங்கட ரோட்டா, லோங் டே, நைற், சனி, ஞாயிறு எல்லாம் வரும். அதால "நான் சனி ஞாயிறு கடையில நிப்பன்" எண்டு ஆரிட்டயும் வாக்குக் குடுக்காதேங்கோ. ரெண்டாம் மாசமே நான் அதை விட்டிட்டு பாங்க் எச்சிஏக்கு மாறினனான், அதுதான் படிக்கிற காலத்தில சரியான வேலை, ஏலாத கிழமை போகாமல் விடலாம், கை பழகும், மனேஜர்மாருக்கு முகம் தெரியும். பிறகு எஸ்ஸே. நாங்கள் ஊரில பாடமாக்கி எழுதின ஆக்கள், இங்க "இண்டைக்கு வாட்டில நடந்ததில நீ என்ன யோசிச்சாய், ஏன் அப்பிடிச் செய்தாய், திரும்ப நடந்தா என்ன செய்வாய்" எண்டு ரெண்டாயிரம் சொல்லில எழுதச் சொல்லுவினம். முதல் எஸ்ஸே எனக்கு பெயில். கம்பஸ் லைப்ரரியில எழுத்துக்கு உதவி செய்யிற ஒரு அம்மாவிட்ட ஒவ்வொரு செவ்வாயும் போய் இருந்தனான், அவவாலதான் நான் பாஸ். கணக்குச் சோதனையும் உண்டு, மருந்து அளவு கணக்குப் பாக்கிறது, கடைசிச் சோதனையில நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் பதிவு, 98 எடுத்தா காணாது. கல்லாவில நிண்ட ஆக்களுக்கு அது பயமில்லை.

டிகிரி இருக்கிற ஆக்களுக்கு ரெண்டு வருச மாஸ்ரர்ஸ் வழி ஒண்டு இருக்கு. எந்தப் பாடமெண்டாலும் சரி, ஒழுங்கான டிகிரி இருந்தா அதையும் முந்தின அனுபவத்தையும் கணக்கில எடுத்து நேர்ஸிங் படிப்பின்ர பாதியளவைக் கழிக்கலாம். ஊர் டிகிரி எண்டா, வெளிநாட்டுப் பட்டங்களை இங்கத்தைத் தரத்தோட ஒப்பிடுற யூகே ஈனிக்கில கடிதம் எடுக்கோணும், ட்ரான்ஸ்கிரிப்ற் (பாடவாரியான பெறுபேறு) வேணும், யாழ்ப்பாணத்தில இருந்து அதை எடுப்பிக்க மாசக் கணக்கில போகும், அதால இண்டைக்கே துடங்குங்கோ. பீஸுக்கு லோனும் அந்த 5,000 உம் இதுக்கும் உண்டு. சில கம்பஸுகள் சேர முன்னம் இத்தனை மணித்தியாலம் கெயார் வேலை செய்திருக்கோணும் எண்டும் கேக்கினம். ரெண்டு வருசம் எண்டுறதால ஆசையாத்தான் இருக்கும், ஆனா லீவே இல்லாத ரெண்டு வருசம், பக்கத்தில வேலை செய்ய இடமில்லை. வீட்டில இன்னொரு ஒழுங்கான சம்பளம் வரேல்லையெண்டா நான் இதைச் சொல்லமாட்டன்.

அடுத்தது அப்ரென்ரிஸ்ஷிப். கேக்க எல்லாத்திலயும் நல்லது இதுதான்: பீஸ் இல்லை, கடன் இல்லை, மாசாமாசம் சம்பளம், கடைசியில அதே டிகிரி, அதே பதிவு. மூண்டு நாலு வருசம், கனக்க இடத்தில நாலு. ஆனா இது நீங்கள் நினைச்சு அப்ளை பண்ணிச் சேருற விசயமில்லை, ட்ரஸ்ற் (ஆஸ்பத்திரியளை நடத்துற என்எச்எஸ் அமைப்பு) தன்ர ஆக்களுக்குக் குடுக்கிறது. முதல் அங்க எச்சிஏயா வேலை செய்யோணும், மனேஜர் சிபாரிசு செய்யோணும், வருசத்துக்கு ஏதோ கொஞ்ச இடம், அதுக்குப் போட்டி. என்னோட ஸ்ரேசனில நிண்ட அந்தச் சிநேகிதனுக்கு ஒரு ஆஸ்பத்திரியில "வாற வருசம், வாற வருசம்" எண்டு ரெண்டு வருசம் இழுத்து, மனேஜர் மாற, புது ஆள் அப்பிடி ஒரு கதையே தனக்குத் தெரியாது எண்டு சொல்ல, மனுசன் வேற இடத்துக்கு மாறி அங்க மூண்டாம் வருசம்தான் கிடைச்சது. துடங்கினதில இருந்து முடிக்க ஏழு வருசத்துக்கு மேல. நான் அவருக்குப் பிறகு கொலிச்சுக்குப் போய் அவருக்கு மூண்டு வருசம் முதல் பதிஞ்சிட்டன். ஆனா அவரிட்ட கடன் இல்லை, ஒரு மாசமும் சம்பளம் நிக்கேல்லை, மூண்டு பிள்ளையளோட ஒராளின்ர உழைப்பில அவர் வேற எப்பிடியும் செய்திருக்கேலாது. ஆர் கெட்டிக்காரன் எண்ட கேள்வி இதில இல்லை, அவருக்கு அதுதான் வழி. நான் கேக்கிறது ஒண்டுதான்: இந்த வழியில போறதெண்டா உங்களுக்கு நீங்களே ஒரு திகதி வையுங்கோ. எச்சிஏயாச் சேர்ந்து பதினெட்டு மாசத்துக்குள்ள எழுத்தில ஒண்டும் வரேல்லையெண்டா வேற ட்ரஸ்ற் அல்லது கம்பஸ். இன்ரவியூவிலேயே "போன வருசம் எத்தனை பேருக்கு அப்ரென்ரிஸ்ஷிப் குடுத்தனீங்கள்" எண்டு கேளுங்கோ, அது மரியாதைக் குறைவான கேள்வியில்லை.

நேர்ஸிங் அசோசியேற் எண்டது இங்கிலாந்தில 2019 ஜனவரியில இருந்து என்எம்சி பதிவேட்டில சேர்த்த பதவி, எச்சிஏக்கும் நேர்ஸுக்கும் நடுவில. ரெண்டு வருசம், அதுவும் கனக்க அப்ரென்ரிஸ்ஷிப்பாத்தான், முடிச்சா பான்ட் 4, 2025–26 இல 27,485 இல துடங்கும். குளிசை குடுக்கலாம், காயத்துக்கு மருந்து கட்டலாம், ஆனா ஒரு நோயாளியின்ர பராமரிப்பைத் திட்டமிட்டு அதுக்குப் பொறுப்பு நிக்கிறது நேர்ஸ்தான். பிறகு இன்னும் ரெண்டு வருசம் அளவு படிச்சா முழு நேர்ஸ். இங்கிலிஸ் எழுத்தில பயமிருக்கிற ஆளுக்கு, அல்லது ஒரேயடியா மூண்டு வருச டிகிரி எண்டா மலைப்பா இருக்கிற ஆளுக்கு நல்ல படி. அந்தக் கானாக்காரர் அப்பிடித்தான் ஏறினவர். ஆனா அம்பது வயசை நோக்கிப் போற ஆள் பாதியில நிண்டிடுற ஆபத்து இருக்கு, வேலை கிட்டத்தட்ட நேர்ஸின்ர பாரம், சம்பளம் ஒரு பான்ட் கீழ, களைச்சுப்போய் மேல படிக்க மனம் வராது. நான் இதை ரெண்டாவது தெரிவாத்தான் வைப்பன், அப்ரென்ரிஸ்ஷிப் டிகிரி இடம் கிடைக்காத இடத்தில.

இனி எந்தப் பிரிவு. அப்ளை பண்ணேக்கயே அடல்ற் (பெரியாக்கள்), பிள்ளையள், மென்ரல் ஹெல்த், லேர்னிங் டிஸபிலிற்றி எண்ட நாலில ஒண்டைத் தெரிவுசெய்யோணும், பிறகு மாத்துறது கஸ்ரம். ஆம்பிளையளுக்கு எல்லாரும் உடன சொல்லுறது மென்ரல் ஹெல்த். அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. முந்தின காலத்து மனநோய் ஆஸ்பத்திரியளில ஆம்பிளை வாட்டுகளுக்கு ஆம்பிளை உதவியாளரைத்தான் வைச்சிருந்தவை, பலத்துக்காக. 1919 இல இங்க நேர்ஸ்மாரைப் பதியிற சட்டம் வந்த நேரமும் பொதுப் பதிவேட்டில ஆம்பிளையளைச் சேர்க்காம ஒரு துணைப் பகுதியிலதான் போட்டவை, 1949 இல சட்டம் மாறித்தான் அது ஒண்டாச்சு, நேர்ஸ்மாரின்ர சங்கமான ரோயல் கொலிச் ஒஃப் நேர்ஸிங் ஆம்பிளையளை உறுப்பினரா எடுத்தது 1960 இல. அந்தப் பழைய எண்ணத்தின்ர மிச்சம் இண்டைக்கும் இருக்கு, வாட்டில ஆரும் கத்தினா, அடிக்க வந்தா முதல்ல தேடுறது ஆம்பிளை ஸ்ராஃபைத்தான். அதுக்காக அந்தப் பிரிவுக்குப் போகாதேங்கோ. மென்ரல் ஹெல்த் முழுக்க முழுக்கக் கதை, உங்கட கதையாலதான் வைத்தியம், அதுக்கு இங்கிலிஸ் சரளமா வேணும், மற்றவையின்ர மௌனமும் விளங்கோணும். அது உங்களிட்ட இருக்கெண்டா தயங்காமல் போங்கோ. எங்கட சனத்துக்குள்ள சண்டையால வந்த மனக்காயம் எவ்வளவு கிடக்கு எண்டு எங்களுக்குத் தெரியும், தமிழில கதைச்சு விளங்கிக்கொள்ளுற ஒரு நேர்ஸ் அந்த அறைக்குள்ள இருந்தா எவ்வளவு வித்தியாசம் எண்டு நான் ஒரு பிளேஸ்மென்றில கண்ணால பாத்தனான். வேலை எங்கயும் எடுக்கோணும், நாளைக்கு வேற நாட்டுக்கும் போகலாமெண்டா அடல்ற்தான் வசதி. பிள்ளையள் பிரிவு எனக்குக் கிட்டத் தெரியாது. லேர்னிங் டிஸபிலிற்றிக்கு ஆக்கள் போறது குறைவு, ஆனா ஒரு ஆளோட வருசக் கணக்கில பழகி வேலை செய்ய விருப்பமெண்டா அதைப்போல வேற இல்லை.

வாட்டில ஆம்பிளையா இருக்கிறது எப்பிடி எண்டும் கேட்டவை. நோயாளியள் உங்களை டொக்டர் எண்டு கூப்பிடுவினம், ஒவ்வொரு தரமும் நான் உங்கட நேர்ஸ் எண்டு பேர் சொல்லித் திருத்துங்கோ, விட்டா பிறகு குழப்பம். பொம்பிளையளைக் கழுவித் துடைக்க, பின்பக்கம் ஊசி போட, கதீற்றர் (சிறுநீர்க் குழாய்) பாக்கப் போகேக்க முதலே கேக்கோணும், "நான் செய்யலாமோ, இல்லாட்டி ஒரு பொம்பிளை நேர்ஸைக் கூப்பிடட்டோ" எண்டு. கனபேர் பரவாயில்லை தம்பி எண்டுவினம், சிலர் வேண்டாம் எண்டுவினம், அதை மனசில எடுக்கக் கூடாது, எங்கட அம்மாவும் வேண்டாம் எண்டுதான் சொல்லுவா. தனிய நிக்கவேண்டாத இடத்தில ஒரு ஆளைப் பக்கத்தில வைச்சுக்கொள்ளுங்கோ, அது அவைக்கும் பாதுகாப்பு உங்களுக்கும் பாதுகாப்பு. பாரமான ஆளைத் தூக்க வாட்டில ஒவ்வொரு பகுதிக்கும் உங்களைக் கூப்பிடுவினம், நாப்பத்தைஞ்சு வயசு நாரி அதைத் தாங்காது, ஹொய்ஸ்ற் (ஆளைத் தூக்கிற மெசின்) எடுங்கோ, ஸ்லைட் ஷீற் (ஆளை இழுத்து நகத்துற வழுக்குச் சீலை) போடுங்கோ, ஆம்பிளை எண்டு தனியத் தூக்கவே வேண்டாம். என்ர வகுப்பில ஒரு பெடியன் முதல் வருசத்திலேயே முதுகைக் கெடுத்துப்போட்டு நிண்டவன்.

முடிச்சா என்ன கிடைக்கும்? பான்ட் 5, 2025–26 இல 31,049 இல துடங்கி ரெண்டு வருசத்தில 33,487, நாலு வருசத்தில 37,796. உள் லண்டன் எண்டா அதுக்கு மேல நூற்றுக்கு 20, வெளி லண்டன் எண்டா 15. இரவுக்கும் சனிக்கும் 30 வீதம் கூட, ஞாயிறுக்கும் பொது விடுமுறைக்கும் 60 வீதம் கூட. பதினாறு வருசம் நைற் செய்த எனக்கு நைற்றுக்கெண்டு ஒரு சதம் கூடத் தந்த ஆள் இல்லை, அதால முதல் பே ஸ்லிப்பைப் பாத்து அழுதிட்டன். வருசத்துக்கு 27 நாள் லீவு, அதுக்கு மேல 8 பாங்க் ஹொலிடே. பென்சன் வருசா வருசம் அந்தச் சம்பளத்தில 54 இல ஒரு பங்கு சேரும், 45 இல துடங்கி 67 வரைக்கும் செய்தா 22 பங்கு, அதாவது சம்பளத்தில நூற்றுக்கு நாப்பது அளவு சாகும் வரைக்கும். கடை வைச்சிருக்கிற எத்தனை பேரிட்ட அது இருக்கு? ஆனா ஒண்டு. முந்தி மாதிரி கோர்ஸ் முடிய முன்னமே வேலை கையில இருந்த காலம் இல்லை இப்ப. புதுசா முடிச்ச பிள்ளையள் வேலை தேடி அலைஞ்சு, 2025 ஓகஸ்ற்றில அரசாங்கம் கிராஜுவேற் கரன்ரி (புதுசா முடிச்சவைக்கு வேலை உத்தரவாதம்) எண்டு ஒரு திட்டம் அறிவிக்கிற அளவுக்கு வந்திட்டுது. அதாலயும்தான் சொல்லுறன், எச்சிஏயா ஒரு ட்ரஸ்ற்றுக்குள்ள காலை வையுங்கோ, உள்ளுக்க முகம் தெரிஞ்ச ஆளுக்கு வேலை கிடைக்கிறது லேசு.

இப்ப அந்த மூண்டு பேருக்கும். கடை வித்த அண்ணைக்கு: கையில கொஞ்சக் காசு இருக்கு, உங்கட மனுசி கவுன்சிலில வேலை, மகளுக்கு ஒன்பது வயசு. நீங்கள் அப்ரென்ரிஸ்ஷிப்புக்கு எண்டு காத்திருக்கவே வேண்டாம், வாற செப்ரெம்பர் அக்ஸஸ், பக்கத்தில பாங்க் எச்சிஏ, ஜனவரி நடுப்பகுதிக்குள்ள யூகாஸ் (கம்பஸுகளுக்கு விண்ணப்பிக்கிற இடம்) அப்ளிகேசன், அடுத்த வருசம் கம்பஸ், 48 இல பதிவு. நீங்கள் அப்ரென்ரிஸ்ஷிப்பில மிச்சம் பிடிக்கிற கடனை விட, மூண்டு வருசம் முந்தி நேர்ஸா உழைக்கிறது கூட.

வான் ஓடுற தம்பிக்கு: உங்களிட்ட யாழ்ப்பாண டிகிரி இருக்கு, மாஸ்ரர்ஸ் வழி திறந்து கிடக்கு, ஆனா உங்கட மனுசி இப்ப வேலைக்குப் போகேல்லை, ரெண்டாவது பிள்ளை கைக்குழந்தை. ஈனிக் கடிதத்தையும் ட்ரான்ஸ்கிரிப்ற்றையும் இப்ப எடுத்து வையுங்கோ, சனி ஞாயிறு கெயார் ஹோமில வேலை செய்து மணித்தியாலம் சேத்து வையுங்கோ. ஒரு வருசம் பொறுத்துப் போறதில நட்டமில்லை, இப்பவே பாய்ஞ்சு நடுவில விடுறதுதான் நட்டம். மனுசியோட இருந்து கணக்குப் போட்டிட்டு எனக்கு எடுங்கோ, மூண்டு வருசமா ரெண்டு வருசமா எண்டதை அப்ப பேசுவம்.

பெற்றோல் ஸ்ரேசன் தம்பிக்கு: நாலு பிள்ளையள், ஒரு சம்பளம், மோர்கேஜ். உங்களுக்கு எச்சிஏ, பிறகு அப்ரென்ரிஸ்ஷிப், கிடைக்காட்டி அசோசியேற். காத்திருக்கிற காலத்தில இங்கிலிஸ் ஃபங்ஷனல் ஸ்கில்ஸை முடிச்சு வையுங்கோ, இடம் வாற நேரம் அந்த ஒரு பேப்பர் இல்லாமல் திரும்பி வந்த ஆக்களை எனக்குத் தெரியும். வாற வியாழன் எச்சிஏ இன்ரவியூ எண்டு சொன்னனீங்கள், புதன் எனக்கு ஓஃப், பின்னேரம் வீட்டை வாங்கோ, என்னென்ன கேப்பினம் எண்டு இருந்து கதைச்சுப் பாப்பம்.